பெயர் தெரியும்வரை காத்திருக்க முடியாது

1995 மார்ச் 20, திங்கட்கிழமை. காலை 8.16 மணிக்கு டோக்கியோவின் செயின்ட் லூக் சர்வதேச மருத்துவமனைக்கு ஒரு தகவல் வந்தது: சுரங்க ரயிலில் வாயு வெடிப்பு. அவசர சிகிச்சைப் பிரிவினர் தீக்காயங்களுக்கும் கார்பன் மோனாக்சைடு பாதிப்புக்கும் ஆயத்தமானார்கள். 8.28-க்கு முதல் நோயாளி வந்தார். ஆம்புலன்ஸ் எதுவும் அழைத்து வரவில்லை. அவரே நடந்து வந்தார். உடம்பில் ஒரு தீக்காயமும் இல்லை. கண் வலிக்கிறது, பார்வை மங்கி எல்லாம் இருட்டாகத் தெரிகிறது என்றார்.

அன்று ஒரே நாளில் அந்த மருத்துவமனைக்கு 640 பேர் வந்தார்கள். நடந்தும், டாக்ஸி பிடித்தும், வழியில் போன கார்களை நிறுத்தி ஏறியும் வந்தவர்கள்தாம் அதிகம். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சிறு பங்கு. ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக்குழுவைச் சேர்ந்த ஐந்து பேர், மூன்று தடங்களில் ஓடிய ஐந்து ரயில்களில், திரவ சரின் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளைக் குடை நுனியால் குத்திவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். ஐந்து ரயில்களும் அரசு அலுவலகங்கள் நிறைந்த கசுமிகசேகியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. நகரம் முழுவதுமாக 5,000-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளை நாடினர். பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இது சரின் என்று மருத்துவமனைக்கு எப்போது தெரிந்தது? கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கழித்து, பதினோரு மணி வாக்கில், தொலைக்காட்சிச் செய்தியில். அதற்கு முன்பு தீயணைப்புத் துறையின் ஆய்வில் அசிட்டோநைட்ரைல் என்ற வேறொரு ரசாயனத்தின் பெயர் வந்திருந்தது. அது தவறான பெயர்.

ரசாயனத் தாக்குதலில் உயிர் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. நஞ்சின் பெயரோ மணிக்கணக்கில் தாமதமாக வருகிறது. சில சமயம் தவறாகவும் வருகிறது. இந்த இடைவெளியில் களத்தில் நிற்பவர்கள் சிறப்புக் கவச உடை அணிந்த நிபுணர்கள் அல்லர். ரயில் நிலைய ஊழியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தீயணைப்பு வீரர், மருத்துவமனை வாசலில் நிற்கும் காவலாளி. பெயர் தெரியாமலேயே சரியாக நடந்துகொள்ள இவர்களைப் பழக்குவது எப்படி என்பதுதான் ஆயத்தப் பயிற்சி என்ற முழு அறிவியலின் மையக் கேள்வி.

உடம்பே சொல்லும்

கருவி சொல்லாததை உடம்பு சொல்லிவிடும். சரின் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும்.

நரம்பு ஒரு தசைக்குக் கட்டளையிட வேண்டுமானால் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. கட்டளை சேர்ந்ததும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்து இடத்தைச் சுத்தப்படுத்துகிறது. அழைப்பு மணியின் பொத்தானை அழுத்திய விரலை எடுத்துவிடுவது போன்ற வேலை இது. சரின் இந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடுகிறது. விரலை எடுக்க ஆளில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கண்மணி புள்ளியாகச் சுருங்குகிறது. கண்ணீர், எச்சில், மூக்குநீர், வியர்வை எல்லாம் ஒன்றாகப் பெருகுகின்றன. வயிறு புரட்டி வாந்தி வருகிறது. மூச்சுக்குழல்கள் இறுகி, உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது. தசைகள் துடித்துத் துடித்துக் கடைசியில் சோர்ந்து செயலிழக்கின்றன. சுவாசத் தசையும் அவற்றில் ஒன்று என்பதால் மரணம் பெரும்பாலும் மூச்சு நின்றுதான் வருகிறது.

நம் ஊர் அரசு மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்த எந்த மருத்துவருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. பூச்சிமருந்து குடித்துவிட்டு வருபவர்களிடம் அவர்கள் பார்ப்பது இதையேதான். காரணம் எளிது: சரினும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகளும் ஒரே குடும்பம். 1930-களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் பயிர்ப்பூச்சிகளைக் கொல்லும் மருந்து தேடியபோது கிடைத்தவைதாம் டபுனும் சரினும். டோக்கியோ மருத்துவர்களும் சுருங்கிய கண்மணிகளையும் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவு விழுந்திருப்பதையும் பார்த்து, அறிவிப்பு வருவதற்கு முன்பே இது ஆர்கனோபாஸ்பேட் வகை என்று ஊகித்துவிட்டார்கள். அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பு, 1994 ஜூனில், மட்சுமோட்டோ நகரில் இதே குழு சரினை வெளியிட்டிருந்தது. அந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த ஷின்ஷு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நோபுவோ யனகிசாவா, தொலைக்காட்சியில் டோக்கியோ காட்சிகளைப் பார்த்ததும் அங்குள்ள மருத்துவமனைகளுக்குத் தொலைபேசியில் பேசி, மட்சுமோட்டோவில் கண்டதைச் சொன்னார். கருவியை முந்திக்கொண்டது அனுபவம்.

எனவே பயிற்சியில் முதல் பாடம் நஞ்சுகளின் பட்டியல் அல்ல, அறிகுறிக் குடும்பங்கள். கண்மணி சுருங்கி எல்லா நீரும் பெருகினால் நரம்பு நஞ்சு. கண், மூக்கு, தொண்டை எரிந்து இருமல் வந்தால் அம்மோனியா, குளோரின் போன்ற எரிச்சல் வாயு. திடீரென விழுந்து வலிப்பு வந்து, எச்சிலோ கண்ணீரோ பெருகாமல் மூச்சு நின்றால் சயனைடைச் சந்தேகிக்க வேண்டும். சில மணி நேரம் ஒன்றும் தெரியாமலிருந்து பிறகு தோல் சிவந்து கொப்புளம் கிளம்பினால் மஸ்டர்டு என்ற கொப்புள நஞ்சு. பாஸ்ஜீன் இன்னும் வஞ்சகமானது: முதலில் லேசான எரிச்சலோடு விட்டுவிட்டு, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். அப்படிப்பட்டவரை ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. இந்த நான்கைந்து குடும்பங்களை அடையாளம் காணத் தெரிந்தவருக்குச் சிகிச்சையைத் தொடங்க நஞ்சின் முழுப் பெயர் தேவையில்லை.

நோயாளியோடு வந்த நஞ்சு

செயின்ட் லூக்கில் அன்று பணியில் இருந்தவர்களிடம் பின்னர் ஓர் ஆய்வு நடந்தது. பதில் அளித்த 472 ஊழியர்களில் 110 பேருக்கு, அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, நஞ்சின் அறிகுறிகள் தோன்றியிருந்தன. இது சுரங்க ரயிலில் நேர்ந்தது அல்ல. நோயாளிகளின் உடையிலும் முடியிலும் ஒட்டியிருந்த சரின் மெல்ல ஆவியாகி அவர்களைத் தாக்கியது. களத்துக்குப் போன 1,364 தீயணைப்பு, ஆம்புலன்ஸ் பணியாளர்களில் 135 பேருக்கும் இப்படியே நேர்ந்தது.

இந்த எண்களுக்குள் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் மிக மோசமான நோயாளிகளைக் கையாண்ட அவசர சிகிச்சைப் பிரிவினர் அல்லர். நோயாளிகளைத் தங்கவைத்த மருத்துவமனைச் சிற்றாலயத்தில் பணியாற்றியவர்களே. அங்கே இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அறிகுறிகள் வந்தன. அவசர சிகிச்சைப் பிரிவில் ஆறில் ஒருவருக்குத்தான். சிற்றாலயத்தில் காற்றோட்டம் குறைவு, ஆட்கள் நெருக்கம், குளிர்கால மேலங்கிகள் ஏராளம். அவசரப் பிரிவின் கதவுகளோ ஆள் வரவும் போகவும் திறந்தபடி இருந்தன. நஞ்சின் வீரியத்தைவிடக் கதவு திறந்திருந்ததா என்பதே ஊழியர்களின் பாதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்திருக்கிறது.

ரயில் நிலையங்களில் இதன் கொடிய வடிவம் நிகழ்ந்தது. கசுமிகசேகியில் ஒழுகிக்கொண்டிருந்த பொட்டலத்தை அப்புறப்படுத்திய நிலைய ஊழியர்கள் இருவர் இறந்தனர். கொடென்மாச்சோவில் ஒரு பயணி நாற்றமடித்த பொட்டலத்தை நடைமேடைக்கு உதைத்துத் தள்ளினார். அங்கே நின்றிருந்தவர்கள் அதற்குப் பலியானார்கள். இருதரப்பும் செய்தது நல்லெண்ணத்தோடு செய்த, எவருக்கும் இயல்பாகத் தோன்றும் காரியம்தான். அதனால்தான் பயிற்சி தேவைப்படுகிறது. இயல்பாகத் தோன்றுவது இங்கே ஆபத்தானது.

பிரிட்டனின் அவசரப் பணியாளர்களுக்குக் கற்பிக்கும் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ விதி இந்த இயல்பை மடக்கிப் பிடிக்கிறது. காரணம் தெரியாமல் ஒருவர் விழுந்து கிடந்தால் வழக்கம்போல் அணுகு. இருவர் கிடந்தால் எச்சரிக்கையோடு அணுகு. மூவரோ அதற்கு மேலோ என்றால் ரசாயனம் என்றே எடுத்துக்கொண்டு நில், பின்வாங்கு, தகவல் சொல். இதற்குக் கருவி தேவையில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

நின்ற பிறகு களத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். நஞ்சு இருக்கும் இடம் ஹாட் ஸோன். சுத்திகரிப்பு நடக்கும் இடம் வார்ம் ஸோன். சிகிச்சையும் கட்டுப்பாட்டு அறையும் இருக்கும் இடம் கோல்டு ஸோன். வண்டிகளைக் காற்று வரும் திசையில், முடிந்தால் மேட்டில் நிறுத்த வேண்டும். சரின் ஆவி, குளோரின் இரண்டும் காற்றைவிடக் கனமானவை. பள்ளத்திலும் சுரங்கத்திலும் தேங்கி நிற்கும்.

முதல் மருந்து: உடையைக் கழற்றுவது

சுத்திகரிப்பு என்றதும் நம் மனத்தில் வருவது கூடாரமும் குழாயும் முழு உடல் கவசம் அணிந்த ஆட்களும்தான். அந்த ஏற்பாடு வந்து சேர்ந்து, கூடாரம் விரிந்து, தண்ணீர் வருவதற்குள் தோலில் பட்ட நஞ்சில் பெரும் பங்கு உள்ளே இறங்கியிருக்கும்.

பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சில்காட் குழுவினர் அமெரிக்க அரசின் நிதியுதவியோடு நடத்திய ஆய்வுகள் இந்த வரிசையையே மாற்றி எழுதின. நஞ்சல்லாத ஒரு போலி ரசாயனத்தைத் தன்னார்வலர்களின் தோலிலும் முடியிலும் தடவி, ஒவ்வொரு படியும் எவ்வளவு நீக்குகிறது என்று அளந்தார்கள். உடையைக் கழற்றுவது, உலர்ந்த உறிஞ்சுதாளால் ஒற்றி எடுப்பது, பிறகு தண்ணீரில் அலசுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் 99.9 சதவீதம் நீங்குகிறது. இதில் பெரும் பங்கு முதல் படிக்கே உரியது. உடல் முழுவதும் உடை மூடியிருப்பவருக்கு, கழற்றிப் போடுவது மட்டுமே 80 முதல் 90 சதவீதம் வரை நீக்கிவிடும் என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. இதற்கு உபகரணமோ நிபுணரோ வேண்டாம். சட்டையைத் தலை வழியே உருவாமல் வெட்டி எடுக்க ஒரு கத்தரிக்கோல் இருந்தால் நல்லது. தலை வழியே உருவினால் துணியில் இருப்பது முகத்துக்கும் மூக்குக்கும் வந்துவிடும்.

திரவமாக மேலே பட்ட நஞ்சைத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒற்றி எடுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. சில ரசாயனங்களின் மேல் தண்ணீர் பட்டால் அவை பரவி, தோலுக்குள் ஊடுருவுவது தற்காலிகமாக அதிகரிக்கக்கூடும். கையில் கிடைக்கும் எந்த உறிஞ்சும் பொருளும் உதவும்: கழிவறைத் தாள், கட்டுத்துணி, தாள் கைக்குட்டை. தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். அமிலம், காரம் போலத் தோலை அரிப்பவை என்றாலும் பொடியாக இருந்தாலும் கதை வேறு. அங்கே தொடக்கத்திலிருந்தே ஏராளமான தண்ணீர்தான். எது எந்த வகை என்பதைத் தோலின் எரிச்சலும் சிவப்பும் சொல்லிவிடும்.

உடையைக் கழற்று என்று சொல்வது எளிது. அலுவலக நேரத்தில், நடுத்தெருவில், அந்நியர்கள் மத்தியில் சொல்லிப் பாருங்கள். ஹாலி கார்ட்டர், ஜான் டிரூரி, ரிச்சர்ட் அம்லோட் முதலிய ஆய்வாளர்கள் சுத்திகரிப்பு ஒத்திகைகளில் கலந்துகொண்டவர்களின் மனநிலையை ஆராய்ந்தார்கள். கூட்டம் பீதியில் சிதறும் என்ற பொது நம்பிக்கையை அவர்களுடைய முடிவுகள் ஆதரிக்கவில்லை. ஏன் கழற்ற வேண்டும், கழற்றினால் என்ன நன்மை, அடுத்து என்ன நடக்கும் என்பதை நேர்மையாக விளக்கி, மறைப்புக்கும் மாற்றுடைக்கும் வழி செய்தால் மக்கள் ஒத்துழைக்கிறார்கள். ஒருவருக்கொருவர் உதவவும் செய்கிறார்கள். விளக்காமல் அதட்டினால் தயங்குகிறார்கள், தப்பிப் போகிறார்கள். தப்பிப் போகிறவர் நஞ்சோடு வீட்டுக்கோ மருத்துவமனைக்கோதான் போவார். ஆகவே கைஒலிபெருக்கியில் எந்த வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்பதும் பயிற்சியில் ஒரு பாடமாகிவிட்டது.

ரப்பர் உறைக்குள் கைகள்

கவச உடைக்குள் புகுந்த மருத்துவப் பணியாளரிடம் அவருடைய திறமையில் பாதி வெளியே நின்றுவிடுகிறது. தடித்த ரப்பர் கையுறை நாடித்துடிப்பை உணரவிடாது. முகமூடியால் ஸ்டெதஸ்கோப் காதுக்குப் போகாது. பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டர் நீண்ட நேரம் தாங்காது. வெயிலில் உடைக்குள் சூடு ஏறி, காப்பாற்றப் போனவரே மயங்கி விழக்கூடும்.

இப்படிப்பட்ட கைகளோடு மருந்து செலுத்துவதை நினைத்துப் பாருங்கள். நரம்பு நஞ்சுக்கு அட்ரோபின் முதன்மை மருந்து. கடுமையான பாதிப்பில் ஒரு பெரியவருக்குத் தொடக்க அளவாகவே 6 மில்லிகிராம் வரை தேவைப்படும். நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் ஆம்பூலில் இருப்பது 0.6 மில்லிகிராம். அதாவது ஒரு நோயாளிக்கு, ஒரே தவணைக்கு, பத்து ஆம்பூல்களின் கழுத்தை உடைத்து ஊசியில் உறிஞ்ச வேண்டும். ரப்பர் உறை போட்ட விரல்களால் இது நடக்கிற காரியமல்ல. தானியங்கி ஊசி பிறந்தது இதற்காகத்தான். ஒரு பேனா அளவிலான குழலைத் தொடையில், உடையின் மேலாகவே அழுத்தினால் மருந்து தசைக்குள் இறங்கிவிடும். அமெரிக்காவில் அவசரப் பணியாளர்களுக்குக் கொடுக்கும் ஒருவகைக் குழலில் 2.1 மில்லிகிராம் அட்ரோபினும் 600 மில்லிகிராம் பிராலிடாக்சிமும் சேர்ந்தே இருக்கின்றன.

பிராலிடாக்சிமின் வேலை வேறு. அட்ரோபின் அறிகுறிகளை அடக்குகிறது. பிராலிடாக்சிம் நொதியைப் பிடித்திருக்கும் நஞ்சைப் பிரித்தெடுத்து நொதியை மீட்கிறது. ஆனால் நேரம் கடக்கக் கடக்க அந்தப் பிடி இறுகி, பிறகு பிரிக்க முடியாததாகிவிடும். சரின் பிடித்த நொதிகளில் பாதி இப்படி இறுகிப்போக ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். சோமன் என்ற மற்றொரு நரம்பு நஞ்சுக்கு அந்த அவகாசம் சில நிமிடங்களே.

அட்ரோபின் போதுமா என்று எதைப் பார்த்து முடிவு செய்வது? பயிற்சியில் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும் தவறு, கண்மணியைப் பார்த்து முடிவு செய்வது. ஆவி நேரடியாகக் கண்ணில் பட்டிருந்தால் ஊசி மருந்து எவ்வளவு போட்டாலும் கண்மணி சுருங்கியே இருக்கக்கூடும். பார்க்க வேண்டியது நெஞ்சை. களகளச் சத்தம் அடங்கியதா, மூச்சு எளிதானதா, இதயத்துடிப்பு தேறியதா? இலங்கையில் பூச்சிமருந்து நஞ்சேற்றத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த மைக்கேல் எடில்ஸ்டன் குழுவினர் பரிந்துரைக்கும் முறை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய் இந்த அறிகுறிகள் தேறியதும் நிறுத்துவது. அநுராதபுரத்தின் வார்டுகளில் விவசாயிகளின் உயிரைக் காக்கக் கற்ற பாடம், உலகின் எந்தச் சுரங்க ரயில் நிலையத்துக்கும் பொருந்தும்.

எல்லோரும் நோயாளிகள் அல்லர்

1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணைகள் இஸ்ரேலில் விழுந்தன. ரசாயன நஞ்சு வருமென்று நாடே அஞ்சியது. ஓர் ஏவுகணையிலும் நஞ்சு இல்லை. ஆயினும் மருத்துவமனைகளுக்கு 1,059 பேர் வந்தார்கள். அவர்களில் ஏவுகணையால் நேரடியாகக் காயம்பட்டவர்கள் 234 பேர்தான். 500-க்கும் மேற்பட்டோர் அச்சத்தால் நிலைகுலைந்தவர்கள். 230 பேர் தேவையில்லாமல் தங்களுக்குத் தாங்களே அட்ரோபின் குத்திக்கொண்டவர்கள். முகமூடியைத் தவறாக அணிந்து மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு.

டோக்கியோவிலும் மருத்துவமனைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லேசான பாதிப்புதான். செயின்ட் லூக்கின் 640 பேரில் உயிருக்கே ஆபத்தான நிலையில் இருந்தவர்கள் ஒரு கை விரல்களில் அடங்குவார்கள். அந்தச் சிலரை அந்தப் பெருங்கூட்டத்துக்குள் கண்டுபிடிப்பதே தரம்பிரித்தலின் வேலை. நடக்கிறாரா, பேசினால் பதில் சொல்கிறாரா, மூச்சு எப்படி, தசை துடிக்கிறதா? நடக்க முடிந்தவர் உடையை மாற்றிக்கொண்டு காத்திருக்கலாம். கண்மணி மட்டும் சுருங்கியவருக்கு ஊசி மருந்து அவசரமில்லை. வலிப்பு வந்தவருக்கும் மூச்சு தடுமாறுபவருக்கும் நொடியும் தாமதிக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: அச்சத்தில் வந்தவர்களை ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று விரட்டினால், அந்தக் கூட்டத்தில் பாஸ்ஜீன் சுவாசித்தவரும் சேர்ந்து வெளியேறிவிடுவார். அவர்களுக்கும் ஓர் இடம், ஒரு பதிவேடு, கவனித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

தரம்பிரித்த பிறகு சிகிச்சை தர அதிகாரமும் வேண்டும். அன்றைய ஜப்பானிய விதிப்படி, ஆம்புலன்ஸ் பணியாளர் சிரை வழியே திரவம் ஏற்றவோ மூச்சுக்குழாய்க் கருவி பொருத்தவோ மருத்துவரிடம் அனுமதி கேட்க வேண்டும். தாக்குதல் நேரத்தில் தொடர்பு கிடைக்கவில்லை. கையில் திறமை இருந்தும் அதிகாரம் இல்லாமல் நின்றார்கள். பேரிடரின்போது யார் யாரிடம் கேட்காமல் எதைச் செய்யலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பதும் ஆயத்தத்தின் ஒரு பகுதி.

ஒத்திகையும் உண்மை நஞ்சும்

டோக்கியோ சம்பவம் உலகெங்கும் பயிற்சி முறைகளைப் புரட்டிப்போட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 1996-இல் நகரங்களின் அவசரப் பணியாளர்களைத் தயார்ப்படுத்தச் சட்டம் இயற்றியது. 1998-இல் அலபாமா மாநிலத்தின் அனிஸ்டனில் ஒரு பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. ஊர்க் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் செவிலியர்களும் அங்கே கவச உடையோடு, கடும் கட்டுப்பாட்டுக்குள், உண்மையான நரம்பு நஞ்சு வைக்கப்பட்ட அறைக்குள் நுழைந்து பழகுகிறார்கள். தண்ணீரையோ சாயத்தையோ வைத்துப் பழகலாமே, ஏன் இந்த விபரீதம் என்று தோன்றும். கருவியும் முகமூடியும் உண்மையில் காக்கின்றன என்பதை ஒருமுறை அனுபவித்தவரின் கை, மறுமுறை நடுங்குவதில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

ஆனால் எல்லோரையும் அனிஸ்டனுக்கு அனுப்ப முடியாது. அனுப்பத் தேவையும் இல்லை. 2018 மார்ச் 4 அன்று இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஒரு பொது இருக்கையில் இருவர் சுயநினைவில்லாமல் கிடந்தார்கள். முதலில் போதை மருந்து என்றே நினைத்தார்கள். பிறகுதான் நோவிசோக் என்ற நரம்பு நஞ்சு என்று தெரிந்தது. அந்த இருவரில் ஒருவரின் வீட்டைச் சோதனையிடச் சென்ற காவல் அதிகாரியும் நஞ்சுக்கு ஆளாகி மருத்துவமனையில் படுத்தார். அன்று முதலில் அந்த இருக்கையை நெருங்கியவர்கள் வழிப்போக்கர்களும் ரோந்துக் காவலர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும்தான். ஆக, பயிற்சிக்கு இரண்டு அடுக்குகள் வேண்டும். கவசத்தோடு உள்ளே போகும் சிலருக்கு ஆழமான பயிற்சி. கவசம் இல்லாமல் முதலில் எதிர்கொள்ளும் பலருக்கு ஒரு மணி நேரத்தில் சொல்லித்தரக்கூடிய, மறக்க முடியாத சில விதிகள். பிரிட்டன் பிறகு பொதுமக்களுக்கும் சேர்த்து அவற்றை மூன்று ‘விலக்கு’களாகச் சுருக்கியது: அந்த இடத்தைவிட்டு விலகு, மேலுடையை விலக்கு, தோலில் பட்டதை விலக்கு.

கட்டடமும் கிடங்கும்

மனிதர்களைத் தயாரித்தால் மட்டும் போதாது. செயின்ட் லூக்கின் இயக்குநர் ஷிகேயாகி ஹினோஹாராவுக்கு அப்போது 83 வயது. வழக்கமான அறுவைகளையும் புறநோயாளிப் பிரிவையும் நிறுத்திவிட்டு, வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டார். சேர்த்துக்கொள்ள இடமும் இருந்தது. 1945-இல் டோக்கியோ மீது நடந்த குண்டுவீச்சில் தீக்காயம்பட்டவர்களுக்கு இடமும் மருந்தும் இல்லாமல் தவித்ததைக் கண்ட அவர், 1992-இல் திறந்த புதிய கட்டடத்தில் தாழ்வாரச் சுவர்களிலும் சிற்றாலயத்திலும் ஆக்சிஜன் குழாய் பதிக்கச் செய்திருந்தார். பணம் வீண் என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மூன்றே ஆண்டுகளில் அந்தத் தாழ்வாரங்கள் வார்டுகளாயின. அதே சிற்றாலயத்தில் காற்றோட்டம் போதாமல் ஊழியர்கள் பாதிக்கப்பட்டதையும் நாம் பார்த்தோம். முன்யோசனைக்கும் அடுத்த கட்ட முன்யோசனை தேவைப்படுகிறது.

மருந்துக் கையிருப்பும் அப்படித்தான். பிராலிடாக்சிம் பூச்சிமருந்து நஞ்சேற்றத்துக்கான மருந்து. நகர மருத்துவமனைகளில் அதற்கு வேலை குறைவு; டோக்கியோவில் இருப்பு விரைவில் தீர்ந்தது. வெளியூர்களிலிருந்து திரட்டிப் புல்லட் ரயிலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். இந்த அனுபவங்களுக்குப் பின் அமெரிக்கா நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நரம்பு நஞ்சு முறிமருந்துப் பெட்டகங்களை வைத்திருக்கிறது. பெரும்பாலான மக்களுக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு.

எது வரும்?

இவ்வளவும் எப்போதோ நிகழக்கூடிய ஒரு தாக்குதலுக்காகவா என்று வரவு செலவு பார்ப்பவர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தாக்குதல்களின் பட்டியலில் இல்லை. விபத்துகளின் பட்டியலில் இருக்கிறது. 1984 டிசம்பரில் ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்து போபால் மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கானோர் குவிந்தபோது, கசிந்தது எது, அதற்கு என்ன சிகிச்சை என்று மருத்துவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. காற்று போகும் திசையிலேயே ஓடி மடிந்தவர்கள் எத்தனையோ பேர். 2020 மே மாதம் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் ஆவி, தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் எண்ணூர் அருகே பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் மூச்சுத் திணறி வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். குடிநீர் நிலையங்களில் குளோரின் சிலிண்டர், ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா, நெடுஞ்சாலையில் கவிழும் டேங்கர், தற்கொலைக்குக் குடித்த பூச்சிமருந்தின் ஆவியோடு அவசரப் பிரிவுக்குள் வரும் நோயாளி: இவை எதற்கும் பயங்கரவாதி தேவையில்லை.

இவை எல்லாவற்றிலும் முதல் அரை மணி நேரத்தின் பாடம் ஒன்றுதான். எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணு, காற்றின் திசையைப் பார், விலக்கி அழைத்து வா, உடையைக் கழற்றச் சொல், கதவைத் திற, அறிகுறியைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கு. சரினுக்காகப் பழகிய 108 ஆம்புலன்ஸ் ஊழியர் குளோரினுக்கும் தயார். பூச்சிமருந்து நோயாளிகளால் பழகிய அரசு மருத்துவமனைச் செவிலியர் சரினுக்குப் பாதி தயார். தாலுகா மருத்துவமனையிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தவும், அட்ரோபின் கையிருப்பை மாதந்தோறும் எண்ணவும், மருத்துவமனை வாசலுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாயும் மாற்றுடை மூட்டையும் வைக்கவும் ஆகும் செலவு பெரிதல்ல. அந்தச் செலவைச் செய்யாத ஊர், நஞ்சின் பெயர் தொலைக்காட்சியில் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதுதான்.